கண் திறக்காத பூனைக்குட்டி: முதலில் சூடு, அப்புறம்தான் பால்

கேள்வி: வணக்கமுங்க டாக்டர். எங்களுக்கு அவிநாசிப் பக்கம் தோட்டத்துச் சாளைங்க. கட்டுத்தரை ஓரமா இருக்கிற சோளத்தட்டுப் போருக்குள்ள ஒரு பூனை மூணு குட்டி போட்டிருந்துச்சு. நாலு நாளைக்கு முன்னாடி தாய்ப்பூனை ரோட்டுல லாரியில அடிபட்டுச் செத்துப்போச்சுங்க. ரெண்டு குட்டியும் போயிருச்சு, ஒண்ணுதான் மிச்சம். இன்னும் கண்ணு திறக்கலை. மளிகைக்கடைத் தராசுல வெச்சா 130 கிராம் காட்டுது. எங்க ஆத்தா பசும்பால்ல பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, குட்டிய மல்லாக்கப் பிடிச்சு இங்க் ஃபில்லர்ல ஊத்துறாங்க. ரெண்டு நாளா மஞ்சத் தண்ணியாப் போகுது, வயிறு கல்லாட்ட இருக்குது, ராத்திரி பூராக் கத்துது. மேலெல்லாம் தெள்ளுப்பூச்சி. மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தக் கொஞ்சம் தடவலாமுங்களா? நான் பனியன் கம்பெனிக்குப் போறவ, பகல்ல ஆத்தாதான் பார்த்துக்கோணும். பொழைக்குமுங்களா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உண்ணி மருந்தைத் தடவாதீர்கள். தண்ணீரில் கலக்கியும் வேண்டாம், பஞ்சில் ஒரு சொட்டு தொட்டும் வேண்டாம். மாட்டு உண்ணிக்கு விற்கும் மருந்துகளில் பெரும்பாலும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராஸ் இவற்றில் ஒன்று இருக்கும். மாடும் நாயும் உடைத்து வெளியேற்றிவிடும் மருந்துகள் பலவற்றைப் பூனையின் கல்லீரலால் அப்படி உடைக்க முடியாது. மருந்து உடலிலேயே தங்கி நரம்பைத் தாக்கும்; நடுக்கம், வலிப்பு, பிறகு சாவு. 130 கிராம் குட்டிக்கு அதற்கு அதிக நேரம்கூட ஆகாது. ஏற்கெனவே தடவியிருந்தால் வெதுவெதுப்பான நீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுக் கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்து, அணைத்துச் சூடாக வைத்தபடி மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள். மாட்டுக்கு மருந்து அடிக்கும் நாளில் குட்டியின் பெட்டி கட்டுத்தரைப் பக்கமே இருக்கக் கூடாது.

தெள்ளுப்பூச்சிக்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். அதைவிட அவசரமானது ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. பால், பேதி, பூச்சி எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். குட்டி எங்கே படுக்கிறது, தொட்டால் சூடாக இருக்கிறதா என்று எழுதவில்லை. தாயில்லாக் குட்டிகள் பசியில் சாவதைவிடக் குளிரில் சாவதுதான் அதிகம். ராத்திரி பூராக் கத்துவதை எல்லோரும் பசி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்து இறங்கும் இந்த நாட்களில், அவிநாசிப் பக்கம் விடியற்காலை 22, 23 டிகிரி என்பது நமக்குச் சுகம். அந்தக் குட்டிக்கு அது கடுங்குளிர்.

பிறந்த முதல் வாரத்தில் பூனைக்குட்டிக்கு நடுங்கத் தெரியாது. நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறன் பிறகுதான் வருகிறது. அதுவரை தாயின் வயிறும் கூடப் பிறந்தவையுமே அதற்கு அடுப்பு. முதல் வாரத்தில் உடல் சூடு 95 முதல் 98 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் 97 முதல் 100. அது 94-க்குக் கீழே போனால் குடல் அசைவதை நிறுத்திவிடும். அந்த நிலையில் ஊற்றும் பால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கி, புளித்து, காற்றடைத்து வயிறு உப்பும். மேலே எதுக்களித்து மூச்சுக்குழாய்க்குள்ளும் போகும். ‘பால் நல்லாக் குடிச்சுது, ரெண்டு மணி நேரத்துல செத்துப்போச்சு’ என்று சொல்லப்படும் குட்டிகளில் பல இப்படிப் போனவைதான்.

அதனால் இந்தப் பதிலைப் படித்ததும் பால் போசியை ஓரமாக வையுங்கள். உங்கள் சுண்டுவிரலைக் கழுவிக் குட்டியின் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து விரலைச் சப்பினால் நல்லது. வாய் சில்லென்று இருந்தால், உள்ளங்கால் குளிர்ந்திருந்தால், பால் கொடுக்கக் கூடாது. வீட்டில் டிஜிட்டல் வெப்பமானி இருந்தால் முனையில் தேங்காய் எண்ணெய் தொட்டு, ஆசனவாயில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் விட்டுப் பாருங்கள்.

குளிர்ந்த குட்டியை மெல்லச் சூடாக்க வேண்டும், ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு. அடுப்பு ஓரம் வைப்பது, ஹேர் டிரையரை நேராகக் காட்டுவது, சுடுதண்ணீரில் முக்குவது மூன்றும் ஆபத்து. தோல் வெந்துபோகும், உள்சூடு ஏறியிருக்காது. மிகச் சிறந்தது உங்கள் உடம்புச் சூடுதான். ரவிக்கைக்குள்ளோ, மடியில் சீலை மடிப்புக்குள்ளோ, தோலோடு தோல் படும்படி, முகம் மட்டும் வெளியே தெரிய வைத்துக்கொள்ளுங்கள். ஆத்தாவால் இதைச் சிரமமில்லாமல் செய்ய முடியும். குட்டி துவண்டு கிடந்தால் ஒரு தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரை இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து, விரலில் தொட்டு ஈறில் மட்டும் தடவுங்கள். வாய்க்குள் ஊற்ற வேண்டாம். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை குட்டியைப் புரட்டிவிடுங்கள். வாய் வெதுவெதுப்பாகி விரலைச் சப்ப ஆரம்பித்த பிறகுதான் அடுத்த வேலை.

இனி அது படுக்கும் இடம். ஒரு அட்டைப்பெட்டி போதும், குட்டி ஏறி வெளியே வர முடியாத உயரத்தில். உங்கள் ஊரில் பஞ்சமே இல்லாத பனியன் வேஸ்ட் துணி இதற்கு மிக நல்லது. டர்க்கி டவலில் நகம் மாட்டிக்கொள்ளும், இந்த வயதில் குட்டியால் நகத்தை உள்ளே இழுக்க முடியாது. பனியன் துணியில் மாட்டாது. ஆனால் ஓரத்தில் பிரிந்து தொங்கும் நூலை வெட்டிவிட்டுப் போடுங்கள். நூல் காலில் சுற்றி இறுகினால் ஒரே ராத்திரியில் கால் வீங்கிக் கறுத்துவிடும். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, துணியில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். கொதிநீர் ஊற்றினால் பாட்டில் சுருங்கி ஒழுகும். மறு பக்கம் காலியாக இருக்க வேண்டும். சூடு அதிகமானால் குட்டி அங்கே நகர்ந்துகொள்ளும். இரண்டு மூன்று மணி நேரத்தில் பாட்டில் ஆறிவிடும். ஆறிய பாட்டில் குட்டியின் சூட்டை உறிஞ்சும், ஆகவே ஆறியதை உள்ளே விட்டு வைக்காதீர்கள்.

குட்டி படுக்கும் இடத்தில் முதல் வாரம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ், இரண்டாம் வாரம் 27 முதல் 29 இருக்க வேண்டும். உங்கள் குட்டி மெலிந்திருப்பதால் இப்போதைக்கு 30 வையுங்கள். கோழிப்பண்ணையில் குஞ்சுக்கு பல்பு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். குஞ்சுகள் பல்புக்கடியில் நெருக்கியடித்தால் குளிர், விலகி ஓடினால் சூடு அதிகம் என்று பண்ணைக்காரர்கள் கணக்கு வைப்பார்கள். அதே கணக்குதான் இங்கும்: பாட்டிலை ஒட்டிச் சுருண்டு கத்தினால் குளிர், மூலைக்கு நகர்ந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், கைகாலைத் தளர்த்தி, தூக்கத்தில் லேசாகத் துள்ளித் துள்ளித் தூங்கினால் சரி. கோழிக்குஞ்சுக்கு வைக்கும் அளவுச் சூடு மட்டும் இதற்கு வேண்டாம். பல்பு போடுவதானால் பழைய குண்டு பல்பு 40 வாட், ஒன்றரை அடி உயரத்தில், பெட்டியின் ஒரு மூலைக்கு மேலே. இப்போது வீடுகளில் இருக்கும் எல்.இ.டி. பல்பில் வெளிச்சம் வருமே தவிரச் சூடு வராது.

பெட்டியைக் கட்டுத்தரையிலோ தாழ்வாரத்திலோ வைக்காதீர்கள். பெருச்சாளியும் நாயும் ஒரு பக்கம் இருக்க, எறும்பை யாரும் நினைப்பதில்லை. வாயோரம் காய்ந்த பாலுக்கு வரும் எறும்பு கண்ணையும் ஆசனவாயையும் கடித்துக் குதறிவிடும். ஒரு ஸ்டூலின் நான்கு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தி, அதன்மேல் பெட்டியை வையுங்கள். எறும்பு சாக்பீஸ் கிழிக்கக் கூடாது. அதிலும் அந்த உண்ணி மருந்தின் குடும்பம்தான் இருக்கிறது.

இப்போது பால். உங்கள் ஆத்தா தண்ணீர் கலப்பது, பச்சைக் குழந்தைக்குக் கெட்டிப்பால் ஆகாது என்ற பழக்கத்தில். பூனைக்குட்டிக்குக் கணக்கு நேர்மாறு. பூனையின் பாலில் புரதம் பசும்பாலைப் போல இரண்டு மடங்கு. 130 கிராம் குட்டிக்கு நாளைக்குச் சுமார் 30 கலோரி வேண்டும். பாதி தண்ணீர் கலந்த பசும்பாலில் அதை எடுக்க வேண்டுமானால் 90 மி.லி. குடிக்க வேண்டும், எட்டு வேளையாகப் பிரித்தாலும் வேளைக்கு 11 மி.லி. அதன் வயிறு கொள்வதோ 5, மிஞ்சினால் 6. வயிறு நிறைந்தும் பட்டினி கிடக்கிறது என்பது இதுதான். தண்ணீர் கலக்காத பசும்பாலிலும் புரதம் போதாது. சத்தின் பெரும்பங்கு பால் சர்க்கரையாக இருப்பதால் செரிக்காமல் பேதி ஆகும். வெள்ளாட்டுப் பால் நல்லது என்று சொல்வார்கள், இந்த விஷயத்தில் அதற்கும் பசும்பாலுக்கும் பெரிய வித்தியாசமில்லை. குழந்தைகளுக்கான பால் பவுடரும் ஆகாது. சீம்பால் கொடுக்கலாமா என்று இன்னொருவர் கேட்பார். மாட்டின் சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புச் சக்தி பூனை நோய்களுக்கானதல்ல, பிறந்த முதல் நாளுக்குப் பிறகு குட்டியின் குடல் அதை உறிஞ்சவும் செய்யாது.

கொடுக்க வேண்டியது பூனைக்குட்டிக்கென்றே வரும் பால் பவுடர். திருப்பூர், கோவை, ஈரோடு செல்லப்பிராணிக் கடைகளில் ‘கிட்டன் மில்க் ரீப்ளேசர்’ என்று கேளுங்கள். நாய்க்குட்டிப் பவுடரைக் கொடுத்து ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்றால் வாங்காதீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவில்தான் கலக்க வேண்டும். கெட்டியாகக் கலந்தால் மலம் இறுகும், நீர்க்கக் கலந்தால் எடை ஏறாது. கொதித்து ஆறி வெதுவெதுப்பாக இருக்கும் நீரில் கரண்டியால் கலக்குங்கள். பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் நுரை வந்து, அந்தக் காற்று வயிற்றுக்குள் போகும். கட்டி இருந்தால் வடிகட்டுங்கள். கலந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் 24 மணி நேரம்தான் வைக்கலாம். ஒவ்வொரு வேளைக்கும் வேண்டியதை மட்டும் கிண்ணத்தில் ஊற்றி, அதைச் சுடுநீரில் வைத்துச் சூடாக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. மிச்சத்தைத் திரும்ப ஊற்றி வைக்க வேண்டாம்.

பவுடர் கைக்கு வரும்வரை, ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், இப்படிச் சமாளிக்கலாம்: காய்ச்சி ஆறிய, தண்ணீர் கலக்காத கெட்டிப்பால் 120 மி.லி., ஒரு முட்டையின் மஞ்சள் கரு, அரைத் தேக்கரண்டி சமையல் எண்ணெய். நன்றாக அடித்து வடிகட்டுங்கள். வெள்ளைக் கரு வேண்டாம். பச்சை வெள்ளைக் கருவில் உள்ள ஒரு புரதம் பயோட்டின் என்ற வைட்டமினை உடலில் சேரவிடாது. முட்டை புதிதாக, ஓடு விரிசலில்லாமல் இருக்கட்டும். டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பாலை இதில் சேர்க்காதீர்கள். சத்துக்குறையை ஓரளவு அடைக்கும் ஏற்பாடுதான் இது, பால் சர்க்கரை அப்படியே இருக்கிறது. பேதி ஆகும் குட்டிக்கு இதை நீட்டிக்கொண்டே போகக் கூடாது.

ஊட்டும் முறையில்தான் குட்டி பிழைப்பதும் போவதும் இருக்கிறது. மல்லாக்கப் பிடிக்கவே கூடாது. மனிதக் குழந்தையை மடியில் கிடத்துவது போலக் கிடத்தினால் பால் நேராக மூச்சுக்குழாய்க்குப் போய் நுரையீரலில் இறங்கும். ஒன்றிரண்டு நாளில் நிமோனியா. குட்டியைத் துணியின் மேல் குப்புற விடுங்கள், நான்கு காலும் கீழே பட, தலை மட்டும் லேசாக நிமிர்ந்து. தாயின் மடியில் அது அப்படித்தான் குடிக்கும். முன்னங்காலால் துணியைப் பிசையும், பிசையட்டும். இங்க் ஃபில்லரைத் தூக்கிப் போடுங்கள். அதில் எவ்வளவு போகிறது என்று தெரியாது, அழுத்தினால் பீய்ச்சும், உள்ளே கழுவவும் முடியாது. மருந்துக்கடையில் ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சு நான்கைந்து வாங்குங்கள். வாயின் பக்கவாட்டில் முனையை வைத்து, நாக்கின் மேல் ஒவ்வொரு சொட்டாக, விழுங்கிய பிறகே அடுத்தது. சப்பிக் குடிக்கும்போது காது மடல் ஆடும். அதுதான் பால் போக வேண்டிய வழியில் போகிறது என்பதற்கு அடையாளம். நாலைந்து நாளில் சிரிஞ்சின் உள் ரப்பர் பிசுபிசுத்து இழுக்க ஆரம்பிக்கும். அப்படிப்பட்டது மாட்டி நின்று திடீரென்று நழுவி அரை மி.லி.யையும் ஒரேயடியாகத் தொண்டையில் பீய்ச்சும். இழுக்கத் தொடங்கியதுமே மாற்றிவிடுங்கள்.

சப்பும் வலு நன்றாக இருந்தால் குட்டிப் பாட்டிலுக்குப் போகலாம். அதன் ரப்பர் காம்பில் ஓட்டை இருக்காது, சூடான ஊசியால் நீங்கள்தான் போட வேண்டும். கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். ஓடினால் ஓட்டை பெரிது, அந்தக் காம்பு வேண்டாம். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலை சற்றுத் தாழும்படிப் பிடித்து மூக்கைத் துடையுங்கள். காலைப் பிடித்துச் சுழற்றுவது, உதறுவது கூடாது, மூளையில் ரத்தம் கசியும். குடித்து முடித்ததும் தோளில் நிமிர்த்திப் போட்டு முதுகை இரண்டு விரலால் மெல்லத் தட்டினால் காற்று பிரியும். விரலைக்கூடச் சப்பாத குட்டிக்கு வீட்டில் எதையும் புகட்டாதீர்கள். மருத்துவர் குழாய் வழியாகக் கொடுப்பார்.

அளவு: வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மி.லி. என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குட்டிக்கு அது 5 மி.லி. பேதி ஆகிக்கொண்டிருப்பதால் முதல் இரண்டு வேளை பாலுக்குப் பதில் ஓ.ஆர்.எஸ். கரைசல் 3 மி.லி. கொடுங்கள், பாக்கெட்டை அதில் எழுதியபடி முழு அளவு நீரில் கரைக்க வேண்டும், கால் பாக்கெட்டுக்குக் கண்ணளவு நீர் என்று வேண்டாம். பிறகு பால் 3 மி.லி., அடுத்த நாள் 4, பிறகு 5. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளைக்கு எட்டு வேளை. பசியில் இன்னும் கேட்டுக் கத்தினாலும் ஒரே வேளையில் கூட்டாதீர்கள், இடைவெளியைக் குறையுங்கள். அளவுக்கு மேல் கொடுத்த பாலும் பேதியாகத்தான் போகும்.

வயிறு கல்லாட்ட இருப்பதற்கு வருவோம். மூன்று வாரம்வரை பூனைக்குட்டியால் தானாக மூத்திரம் போக முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நான்கு நாளாக யாரும் அதைச் செய்யவில்லை என்று படுகிறது. மூத்திரப்பை நிறைந்து இறுகியிருக்கலாம். இன்றே, இப்போதே: பனியன் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, வாலைத் தூக்கி, வாலுக்குக் கீழே உள்ள இரண்டு துவாரங்களிலும் ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் மூத்திரம் வரும், நிற்கும்வரை செய்யுங்கள். வயிற்றை அமுக்காதீர்கள். இரண்டு மூன்று முறை முயன்றும் ஒரு சொட்டுகூட வராவிட்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஒவ்வொரு வேளை பாலுக்கு முன்னும் பின்னும் இது நடந்தாக வேண்டும், நான்காவது வாரம் அது தானாகப் போகும்வரை.

மூத்திரம் வெளிறிய மஞ்சளாக இருந்தால் நீர்ச்சத்து போதும். அடர்ந்த மஞ்சளானால் போதவில்லை. பெரிய பிராணிக்குச் செய்வதுபோலத் தோலைக் கிள்ளிப் பார்த்து நீர்ச்சத்தைக் கணிப்பது இந்த வயதில் சரிவராது. மலம் கடுகு அரைத்த நிறத்தில், பசை மாதிரி வர வேண்டும். நாளைக்கு ஒரு முறை போனாலும் போதும். தயிர் திரிந்தாற்போல வெள்ளையாக வந்தால் பால் செரிக்கவில்லை, அளவு கூடுதல். தண்ணீராக ஒரு நாளுக்கு மேல் போனால், ரத்தம் கலந்தால் காத்திருக்காதீர்கள். பேதி ஒட்டிய பின்பக்கத்தை ஒவ்வொரு முறையும் வெந்நீர்த் துணியால் துடைத்து உலர்த்துங்கள். இந்தப் பருவத்து ஈ அதில் முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு நெளியும். முழுக்காட்டுவது மட்டும் வேண்டாம்.

தெள்ளுப்பூச்சிக்குப் பேன் சீப்பு. ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, கழுத்தில் தொடங்கி வால்வரை வாரி, சீப்பில் வரும் பூச்சியை அதில் முக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், குட்டி ஆறிவிடும். விரிப்பைத் தினமும் மாற்றிக் கொதிநீரில் அலசிப் போடுங்கள்; தெள்ளின் முட்டையும் புழுவும் குட்டியைவிட விரிப்பில்தான் அதிகம். வேப்பெண்ணெய், நாப்தலீன் உருண்டை, நாய்ப் பவுடர் எதுவும் வேண்டாம். இத்தனை சின்ன உடம்பில் தெள்ளு குடிக்கும் ரத்தமே உயிரை எடுக்கும். ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருந்தால் சரி, வெள்ளைத்தாளாக வெளுத்திருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மளிகைக்கடைத் தராசு பெரும்பாலும் 5 கிராமுக்குக் குறைந்த வித்தியாசத்தைக் காட்டாது. 1 கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், மொத்தச் செலவில் மிகப் பயனுள்ளது அதுதான். தினமும் ஒரே நேரத்தில், காலை முதல் பாலுக்கு முன், மூத்திரம் எடுத்துவிட்டு எடை போடுங்கள். நாளைக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும், வாரத்துக்கு 70 முதல் 100 கிராம். பிறக்கும்போதே சுமார் 100 கிராம் இருந்திருக்கும். கண் திறக்கும் வயதை நெருங்கியும் 130 என்பது குறைவு. கண்ணுக்குக் கொழுகொழுவென்று தெரியும் குட்டி எடை இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் முழுக்க ஏறாமல் நின்றாலே ஏதோ தவறு நடக்கிறது. இறங்கினால் மருத்துவரிடம் போகும் நேரம்.

பகலில் ஆத்தா பார்க்கிறார் என்பது குறையே இல்லை. குழந்தை வளர்த்த கை எது பொறுக்கும் சூடு, எது ஆறிய சூடு என்று நம்மைவிட நன்றாகச் சொல்லும். சிரிஞ்சில் எழுத்து தெரியாவிட்டால் மார்க்கரால் கோடு போட்டுக் கொடுங்கள், ‘இந்தக் கோட்டு வரைக்கும், இத்தனை தடவை’ என்று. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் நேரம், குடித்த அளவு, மூத்திரம், மலம் நான்கையும் குறிக்கட்டும். எழுத வராவிட்டால் புள்ளி வைக்கட்டும். நீங்கள் வந்ததும் அந்தத் தாளைப் பார்த்தே நிலைமை தெரிந்துவிடும். காலை 5, 8, 11, பகல் 2, மாலை 5, இரவு 8, 11, 2 என்று வைத்தால் நீங்கள் தூக்கம் கலைய வேண்டியது ஒரு முறைதான். 300 கிராம் வந்ததும் இரவில் ஐந்து மணி நேர இடைவெளி விடலாம்.

அக்கம்பக்கத்துச் சாளைகளில் குட்டி போட்ட பூனை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பால் தரும் தாய்ப்பூனை அன்னியக் குட்டியைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அதன் குட்டிகள் படுத்த துணியால் உங்கள் குட்டியைத் துடைத்து, தாய் இல்லாத நேரம் பார்த்து நடுவில் விடுங்கள். தெள்ளும் பேதியும் தீர்ந்த பிறகு விட வேண்டும், இல்லையென்றால் அந்தக் குட்டிகளுக்கும் தொற்றும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. போருக்குள்ளோ அட்டாலிப் பரணிலோ குட்டிகளைப் பார்த்ததும் தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும், அல்லது ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கும். குட்டிகள் சூடாக, வயிறு நிறைந்து, சத்தமில்லாமல் கிடந்தால் தாய் இருக்கிறது. சுற்றிலும் கொஞ்சம் மாவைத் தூவிவிட்டுத் தள்ளி நின்று மூன்று நான்கு மணி நேரம் பாருங்கள். தாய் வந்து போனால் அடித்தடம் விழும். மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல.

உங்கள் குட்டியை எப்போது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றால்: சூடாக்கியும் சப்பாவிட்டால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், மூச்சில் கறகறவென்று சத்தம் வந்தால், மூடிய இமைக்குள் சீழ் கட்டி உப்பினால். கண்ணை நீங்களே பிரித்துவிடாதீர்கள். போகும் வழியிலும் வெந்நீர்ப் பாட்டில் கூடவே இருக்கட்டும். பல மாவட்டத் தலைநகரங்களில் அரசு கால்நடைப் பன்முக மருத்துவமனை இருக்கிறது; உடுமலைப்பேட்டையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி பெரும்பாலும் ஆடு மாடுகளுக்கானது, ஆனாலும் அருகில் எந்த மருத்துவர் இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளலாம்.

இனி வரப்போவதையும் சொல்லிவிடுகிறேன். கண் 7-ஆம் நாளுக்கும் 14-ஆம் நாளுக்கும் இடையில் திறக்கும், முதலில் நீலமாக இருக்கும். மூன்றாம் வாரம் முன்பல் முளைத்துத் தள்ளாடி நடக்கும். குடற்புழு மருந்தை அந்த வாரத்திலேயே தொடங்க வேண்டும். அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவரே தரட்டும். நான்காம் வாரத்திலிருந்து, உப்பும் வெங்காயமும் பூண்டும் போடாமல் வேகவைத்த எலும்பில்லாக் கோழிக்கறியை மைய அரைத்துப் பாலில் குழைத்து வட்டிலில் வையுங்கள், அல்லது கடையில் விற்கும் குட்டித் தீவனத்தை ஊறவைத்துக் கொடுங்கள். கறி மட்டுமே கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து சேராது, தீவனம்தான் முக்கிய உணவாக வேண்டும். பால் சோறு போட்டே வளர்ப்பது நம் பக்கத்து வழக்கம். டாரின் என்ற சத்து பூனை உடலில் போதிய அளவு உண்டாவதில்லை, அது இறைச்சியில்தான் இருக்கிறது. பால் சோற்றிலேயே வளரும் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். அதே வாரத்தில் ஒரு தட்டில் ஆற்று மணல் பரப்பி வைத்தால் அதில் தானாகப் போகப் பழகும். கடையில் விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணல் இப்போது வேண்டாம், குட்டி அதைத் தின்னும்.

தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை; வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். இந்தக் குட்டி தாயிடம் சில நாள் பால் குடித்திருப்பதால் சீம்பாலின் காப்பு ஓரளவு இருக்கும், ஆனாலும் தடுப்பூசி முடியும்வரை, பால் கொடுக்க ஏற்றுக்கொண்ட தாய்ப்பூனையும் அதன் குட்டிகளும் தவிர வேறு பூனைகளோடு பழகவிட வேண்டாம். உங்களையோ ஆத்தாவையோ அது கடித்தோ பிராண்டியோ ரத்தம் வந்தால் ‘பால் குடிக்கிற குட்டிதானே’ என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அங்கே ஊசி இலவசம்தான். பெட்டைக் குட்டியானால் நான்கு மாதத்திலேயே சினைப் பருவம் வரலாம், அதற்குமுன் கருத்தடை பற்றிக் கேட்டு வையுங்கள்.

பிழைக்குமா என்று கேட்டீர்கள். தாயில்லாத, மெலிந்த, பேதியாகும் குட்டிக்கு நிச்சயம் சொல்ல முடியாது. நான்கு நாள் தவறான பாலில் தாக்குப்பிடித்திருக்கிறது, கத்தும் வலு இன்னும் இருக்கிறது, இரண்டும் நல்லதுதான். சூடு நிலைத்து, தொடர்ந்து மூன்று நாள் எடை ஏறினால் நம்பிக்கை வைக்கலாம். அந்த மூன்று நாள் காலண்டர் தாள்களையும் படம் பிடித்து அனுப்புங்கள். எடையும் மலமும் பார்த்து, 5 மி.லி.யில் நிறுத்துவதா கூட்டுவதா என்று எழுதுகிறேன்.